மாமியும் கடதாசிக் கப்பும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையில் வரும் மாமி நான் பெற்றவள் அல்ல, தத்தெடுத்தவள். தெற்குச் சீமை நாவல்கள் என்று சில உண்டு. அமெரிக்கத் தெற்கோ நம்முடைய தெற்கோ, வெயிலும் பழம்பெருமையும் உள்ள எந்தத் தெற்கானாலும் சரி, கதை பாதி போவதற்குள் ஓர் அத்தை, யாழ்ப்பாணத்து வழக்கில் மாமி, பெட்டியோடு வந்து இறங்கிவிடுவாள். யாரும் அழைத்திருக்க மாட்டார்கள். பிள்ளைகளை நிமிர்ந்து உட்காரச் சொல்வாள். வேலைக்காரியை ஏற இறங்கப் பார்ப்பாள். "எங்கள் குடும்பத்தில்" என்று தொடங்கினால் பொழுது சாய்ந்துவிடும்.

இந்த அத்தையை எழுதியவர்களுக்கே அவளைப் பிடிப்பதில்லை. மற்றவர்கள் நல்லவர்கள் என்று காட்ட ஒரு ஆள் வேண்டுமே என்று வைத்திருப்பார்கள். எனக்கு அது அநியாயமாகப் பட்டது. அவளை நாவலிலிருந்து கிளப்பி, 1985இல், குவைத்தின் ஃபர்வானியாவில், இரண்டு அறை வீடு ஒன்றில் இறக்கிவிட்டால் என்ன செய்வாள்? இந்த யோசனையில்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "மணல்காற்று வீசிய ஒரு பிற்பகலில்—" வேண்டாம். வளைகுடாக் கதை என்றால் வாயில் மணலோடுதான் பிறக்க வேண்டுமா?

இரண்டாம் தொடக்கம்: "சிவகொழுந்து பொல்லாதவள்." இது கதை இல்லை, தீர்ப்பு.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்: கடதாசிக் கப்பைக் கண்ட அன்றுதான் சிவகொழுந்துக்குக் குவைத் பிடித்துப்போனது.

யாழ்ப்பாணத்தில் அவள் வீட்டில் யாருக்கு எந்தப் பாத்திரத்தில் தண்ணீர் என்பது பிறந்தபோதே தீர்மானமான விஷயம். ஊர் நிலைமை கெட்ட பிறகு தம்பி கனகரத்தினம் அவளைக் குவைத்துக்கு அழைத்துக்கொண்டான். இங்கோ எல்லாம் ஒரே மாதிரிக் கண்ணாடித் தம்ளர்கள். தம்பி கண்டவனையும் கூட்டிவந்து அதில் தேத்தண்ணி கொடுத்தான். வந்தவர்கள் போன பிறகு தம்ளர்களைத் தேய்த்துத் தேய்த்து அவளுக்குக் கை புண்ணாகியிருந்தது.

அப்போதுதான் ஒரு பிறந்தநாள் விருந்தில் அந்த அதிசயத்தைப் பார்த்தாள். காகிதத்தில் செய்த கப்பில் குடித்தார்கள், எறிந்தார்கள். கழுவ வேண்டாம், கலந்துபோகாது, யாரும் கோபிக்கவும் மாட்டார்கள்.

"உந்தக் கப்பைக் கண்டுபிடிச்சவன் நல்ல குடியில பிறந்தவன்தான்," என்றாள் தம்பியிடம்.

அன்றிலிருந்து வீட்டாருக்கு எவர்சில்வர் தம்ளர், வந்தவர்களுக்குக் கடதாசிக் கப். வந்தவர்களுக்கோ பெருமை தாங்கவில்லை. கொஞ்ச நாளில் அந்தத் தெருத் தமிழ் வீடுகளிலெல்லாம் விருந்தாளிக்குக் கடதாசிக் கப் என்பது நாகரிகமாகிவிட்டது.

[அடிக்குறிப்பு, அடியில் இடமில்லாததால் இங்கேயே: கனகரத்தினத்துக்கு அக்காவின் கணக்கு தெரியாதா? நன்றாகத் தெரியும். அவளோடு யார் மல்லுக்கட்டுவது என்று பேப்பரை விரித்துக்கொண்டான். இப்படிப்பட்ட நல்லவர்கள் தயவில்தான் பல வழக்கங்கள் தீர்க்காயுசாக இருக்கின்றன.]

3

இனிப் பூவாயியை உள்ளே விட வேண்டும். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். இங்கே ஒரு வீட்டில் பணிப்பெண். படுக்க விடாமல் வேலை வாங்குகிற வீடு. காய்ச்சலோடு கிளினிக்குக்கு வந்தவளிடம், அங்கே தாதியாக இருந்த குமுதினி தன் விலாசத்தைச் சொல்லி அனுப்பியிருந்தாள். குமுதினி, கனகரத்தினத்தின் மனைவி. ஒரு காலையில் பூவாயி ஓடிவந்துவிட்டாள். அவளுடைய பாஸ்போர்ட், விசா கொடுத்து வரவழைத்த கஃபீலின் கையில் இருந்தது. ஊர் திரும்பத் தூதரகத்தில் பத்திரம் கிடைப்பதற்குள் பிடிபட்டால் மறுபடி அதே வீடுதான்.

"மச்சாள், நான் டியூட்டி முடிஞ்சு வருமட்டும் இந்தப் பிள்ளையை வெளியில விட்டிடாதையுங்கோ," என்றாள் குமுதினி.

"ஆரின்ர பிள்ளை?"

"தோட்டத்துப் பிள்ளை மச்சாள். பாவம்."

"பாவமெண்டாச் சோறு குடுக்கலாம்," என்றாள் சிவகொழுந்து.

கொடுத்தாள். தேத்தண்ணியும் கொடுத்தாள். எதில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

(இந்த இடத்தில் "பூவாயியின் கண்கள் கலங்கி—" என்று எழுதி அடித்துவிட்டேன். கப்பைக் கண்டதுமே அவளுக்கு விளங்கியது. ஆனால் பசித்தவள் முதலில் குடிப்பாள், கோபம் பிறகுதான் வரும்.)

"இன்னுங் கொஞ்சம் ஊத்துங்கம்மா," என்றாள். அடுக்களை வாசலில் தரையில் உட்கார்ந்து குடித்தாள்.

4

கதவு தட்டும் சத்தம். ஏஜென்டின் ஆள், கௌஸ் முகம்மது. தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்க்காரன். இவனை வில்லனாக்கத்தான் நினைத்திருந்தேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நின்றான். செருப்பைக் கழற்றுகிறவனை எப்படி வில்லனாக்குவது?

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. ஒரு பொண்ணு வேல பாத்த வீட்ட விட்டுப் போயிருச்சு. தமிழாளுங்க வீட்டுல பாத்துட்டு வரச் சொன்னாங்க." அவன் நீட்டிய பாஸ்போர்ட் படத்தில் பூவாயியைப் பெற்றவளுக்கே அவளை அடையாளம் தெரியாது. அதற்குள் அவன் பார்வை அடுக்களை வாசலுக்குப் போய்விட்டது. "அது யாரும்மா?"

சிவகொழுந்து பொய் சொல்லிப் பழகாதவள். ஆனால் தன் வீட்டில் சோறு தின்ற பெண்ணைப் பிற ஆண்பிள்ளையின் கையில் பிடித்துக் கொடுப்பதும் அவளுடைய முறைகளில் எதிலும் இல்லை. வேலைக்காரி என்றால் பத்திரம் கேட்பான். உறவு என்றால்தான் தப்பலாம். தோட்டத்துப் பெண்ணை உறவென்று சொல்ல நாக்கு எழவில்லை. வேப்பெண்ணெய் குடிப்பதுபோல ஒரே மடக்கில் சொல்லி முடித்தாள்.

"எங்கட பிள்ளை. என்ர தம்பியின்ர மனிசியின்ர தங்கச்சி."

"அப்படியா. எந்த ஊரும்மா நீ?" என்று அவன் பூவாயியைக் கேட்டான். அவள் வாயைத் திறந்தால் மலையகத் தமிழ் வந்துவிடும்.

"எங்கட பொம்பிளைப் பிள்ளையள் பிற ஆம்பிளையளோட கதைக்காதுகள்," என்றாள் சிவகொழுந்து.

அவன் தலையாட்டினான். போகத் திரும்பியவன் நின்றான். பூவாயியின் கையில் கடதாசிக் கப். சிவகொழுந்தின் கையில் எவர்சில்வர் தம்ளர். டீக்கடையில் இரண்டு வகைக் கிளாஸ் பார்த்து வளர்ந்தவன் அவன்.

"தங்கச்சிங்கிறீங்க," என்றான் மெதுவாக. "அதுக்கு மட்டும் தாள் கப்புல குடுத்திருக்கீங்களேம்மா."

5

என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன.

முதலாவது: சிவகொழுந்து தன் தம்ளரைப் பூவாயியிடம் நீட்டுகிறாள். எழுதியபோது எனக்கே அழுகை வந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. ஆயுள் முழுக்க ஊறிய பழக்கம் ஒரு தம்ளர் தேத்தண்ணியில் கரைந்துவிடாது.

இரண்டாவது: ஒப்படைத்துவிடுகிறாள். "பூவாயி எழுந்து, தன் பையை—" இதற்குமேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

நான் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது, மாமி என்னைக் கேட்காமலே பேசிவிட்டாள்.

"பிள்ளை வீட்டுக்குத் தூரம். தலை முழுகுமட்டும் எங்கட வீட்டில தனிக் கப்தான், தனிப் பாய்தான். இதையும் ஒரு ஆம்பிளைக்கு விளங்கப்படுத்தோணுமோ, தம்பி?"

மாதவிலக்கு விஷயம் என்று புரிந்ததும் கௌஸ் முகம்மதுவுக்குக் காதெல்லாம் சிவந்தது. மன்னிப்புக் கேட்டான், சுவரிடமும் கேட்டான், செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு லிஃப்டுக்கும் காத்திராமல் படியிறங்கி ஓடினான்.

முள்ளை முள்ளால் எடுத்துவிட்டாள். தன் வழக்கத்தில் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்காமல் ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்டாள். அவளைத் திருத்த வந்த நான் அசடு வழிந்துகொண்டு நின்றேன். உண்மையைச் சொன்னால், அந்த நிமிடத்தில் எனக்கு அவள்மேல் ஆசையாக இருந்தது.

6

இங்கே முடித்திருக்கலாம். பூவாயி விடவில்லை. எழுந்து வந்து சிவகொழுந்தின் எதிரில் நின்றாள்.

"காப்பாத்திட்டீங்கம்மா. அத நா மறக்க மாட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எனக்குத் தூரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இப்பத்தான் ஒங்க பிள்ளைன்னு சொன்னீங்க. இப்ப நா எதுல குடிக்கட்டும்?"

கதை தொடங்கியதிலிருந்து என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காத சிவகொழுந்து, இப்போது என்னைப் பார்க்கிறாள். ஒரு வாக்கியம் கொடு, தப்பிக்கிறேன் என்கிற பார்வை. நான் கொடுக்கப்போவதில்லை. தம்ளரைக் கொடுத்தாள் என்று எழுதினால், நல்ல மாமி என்று சொல்லிவிட்டு நீங்கள் புத்தகத்தை மூடுவீர்கள். இன்னொரு கடதாசிக் கப்பை எடுத்தாள் என்றால், இப்படியும் மனிதர்களா என்று சொல்லிவிட்டு மூடுவீர்கள். இரண்டும் உங்களுக்குச் சௌகரியம்.

அதனால் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டுக்கும் வேலைக்கு வருகிற ஒருத்தி இருப்பாள். நாளை அவள் வந்ததும் தேத்தண்ணி போடுங்கள். எதை எடுத்து அதில் ஊற்றுகிறீர்களோ, அதுதான் இந்தக் கதையின் முடிவு.