கழுத்துப் பட்டை

பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது நாற்றம்தான். அதற்குப் பிறகே துணி கண்ணுக்குத் தெரிந்தது. எலி ஒன்று அதற்குள் ஆற அமரக் குடித்தனம் நடத்திவிட்டுப் போயிருந்தது. வெளிர்நீலக் கவுனின் கைகளைக் குதறிப் பஞ்சாக்கி, அதிலேயே குட்டி போட்டிருந்தது. குட்டிகள் செத்துக் காய்ந்து துணியோடு ஒட்டிக் கிடந்தன.

கடுகு கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அவளுக்கு அறுபதை நெருங்கும் வயது. ஆள் குள்ளம், பேச்சு காரம் என்பதால் சின்ன வயதிலிருந்தே வீட்டில் கடுகு என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சொந்தமாகத் தையல்கடை வைத்திருக்கிறாள். அவளுடைய அக்காதான் ஊர் உலகமெல்லாம் கொண்டாடும் அந்த எழுத்தாளர். அக்கா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவள் வாழ்ந்த வீட்டை நினைவில்லமாக்க ஓர் அறக்கட்டளை முன்வந்திருந்தது. முன்கூடத்தில் அக்காவின் கல்யாண உடுப்புகளை வைக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். கல்யாணக் கவுன், மாலை விருந்துக்கு உடுத்தியது, ஊருக்குக் கிளம்பும்போது போட்ட கோட்டு ஆகிய மூன்றுமே பெட்டியில் பாழாகிக் கிடந்ததால் அதே மாதிரி புதிதாகத் தைக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு அவற்றைத் தைத்தவள் கடுகு. அதனால் இன்றைக்கும் அவளையே கூப்பிட்டார்கள்.

அக்காவின் காரியம் முடிந்த பிறகு அந்த வீட்டு வாசற்படியை மிதிப்பதில்லை என்றுதான் அவள் இருந்தாள். ஆனால் வேறு எவனோ வந்து அந்தத் துணியைப் பிரித்துப் பார்ப்பான் என்று நினைத்தபோது மனசு கேட்கவில்லை.

"பாரு, எப்படி வெச்சிருக்கேன் பத்திரமா," என்றார் அத்தான்.

அக்காவின் கணவர். எழுபது தாண்டியும் தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார். கையில் வெண்ணெய் தடவிய ரொட்டி. பெட்டிக்கு நேர்மேலே நின்றுகொண்டு கடித்தார். துகள் உதிர்ந்து கவுன்மேல் விழுந்தது. அவர் அதைத் தட்டிவிட்டார். தட்டிய விரல் எலிக்குட்டிமேல் பட்டது. அதே விரலால் மறுபடி ரொட்டியைப் பிடித்துக்கொண்டார். 

நினைவில்லத்துப் பொறுப்பாளர் முப்பத்தைந்து வயதுப் பெண். கையுறை போட்டுக்கொண்டு கவுனை மெதுவாகத் தூக்கி மேசைமேல் பரப்பினாள். கழுத்துப் பகுதியில் பாதியை எலி தின்றிருந்தது. மீதிப் பாதியில், நீலத் துணிக்குச் சம்பந்தமே இல்லாத பழுப்புப் பட்டை ஒன்று தொங்கியது.

"இது என்னங்க, வேற துணியா இருக்கு?"

"அதுவா, பின்னாடி யாராவது ஒட்டுப் போட்டிருப்பாங்க," என்றார் அத்தான். "அது வேண்டாம். கழுத்து நல்லா இறங்கி, தோள் தெரியற மாதிரிதான் இருந்துச்சு. கடுகுக்கே தெரியுமே. அவ ஆசைப்பட்டா, போட்டுக்கோன்னுட்டேன். அந்தக் காலத்துல எந்த மாப்பிள்ளை விடுவான்? எழுத்தாளரோட சுதந்திரம் இந்த வீட்டுலேர்ந்துதான் ஆரம்பிச்சுதுன்னு பாக்கறவங்களுக்குத் தெரியணும்."

பொறுப்பாளர் எழுதிக்கொண்டாள். கடுகு அத்தான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு சலனமும் இல்லை.

நடந்தது வேறு. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு மாப்பிள்ளையாக வந்தவர், அக்கா கவுனைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்தார். தோளையும் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யாருக்குக் காட்டப் போறே?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். போய்விட்டு மறுநாள் வந்து, தன் கோட்டின் உள்துணியில் மிஞ்சிய பழுப்புத் துண்டை மேசைமேல் விட்டெறிந்தார். "தாடை வரைக்கும் ஏத்தித் தை" என்றார்.  அவர் போனபிறகு அக்கா கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வீட்டு ஆட்கள் மட்டும் உட்கார்ந்த கல்யாணப் பந்தியில் அந்த முரட்டுத் துணி உறுத்தி உறுத்திக் கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்துபோனது. ஒரே ஒரு புகைப்படம் எடுத்தார்கள். அதிலும் மேலே கழுத்தை மூடிய கோட்டு. கவுனின் கழுத்து எப்படி இருந்தது என்று அறிந்தவர்களில் இப்போது உயிரோடு இருப்பவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான்.

கடுகு அங்கேயே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. காரணம் அவளுக்கே வெட்கமாக இருந்தது. அந்த இறக்கக் கழுத்து, பத்தொன்பது வயதில் அவள் சொந்த மூளையில் உதித்தது. தோளிலிருந்து ஒரு மடிப்பும் தெரியாமல் வழிந்து இறங்கும்படி மூன்று தடவை பிரித்துத் தைத்தது. அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாணத்துக்குத் தைத்தும் அப்படி ஒன்று கைக்கு வரவில்லை. அது ஒருநாள்கூட வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. இப்போது கண்ணாடிக்குள், விளக்குப் போட்டு, ஊரே வந்து பார்க்கும். பொய்யென்று தெரிந்தும் அந்த ஆசை நாக்கில் ஊறியது.

அளவெடுத்துக்கொண்டு போனாள். பத்து நாளில் மூன்று உடுப்பும் உருவானது. கழுத்து இறக்கமாகவே.

உடுப்பு மாட்டும் பொம்மை வந்து சேரவில்லை. அத்தான்தான் யோசனை சொன்னார். "சின்னவ இருக்காளே, அவ உடம்பும் அதே வாகுதான். அவளுக்குப் போட்டுப் பாரு."

சின்னவள் என்பது அத்தானின் இரண்டாம் மனைவி. நாற்பது வயது இருக்கும். அதிர்ந்து பேசாத பெண். இறந்துபோனவளின் உடுப்பை இவள்மேல் மாட்டிப் பார்ப்பதை நினைக்கவே கடுகுக்குக் கூசியது. சின்னவளோ மறுபேச்சில்லாமல் உள்ளறைக்கு வந்து கையைத் தூக்கி நின்றாள். கடுகு பின்பக்கப் பித்தான்களைப் போட்டு, இடுப்பில் இரண்டு குண்டூசி குத்தினாள்.

கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சின்னவள் மெல்லச் சிரித்தாள். "அழகா இருக்குக்கா. அவங்க கொடுத்து வெச்சவங்க. எனக்கெல்லாம் இப்படிப் போட விட்டதில்ல."

கடுகு பதில் சொல்லுமுன் கதவு திறந்தது. அத்தான். தோளையும் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அதே பார்வை. நாற்பது வருடத்தில் அது ஒரு நரைகூடக் காணவில்லை.

"பிரமாதம். பொம்மைக்கு இப்படியே இருக்கட்டும், ஒரு இழைகூட மாத்தாதே," என்று கடுகிடம் சொன்னார். சின்னவள் பக்கம் திரும்பினார். "நீ இதோட கூடத்துப் பக்கம் வந்துடாதே. பெயிண்ட் அடிக்கற ஆளுங்க இருக்காங்க. மேல எதையாவது போடு."

 சின்னவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி நாற்காலி முதுகிலிருந்து சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். சால்வை எங்கே இருக்கும் என்று அந்தக் கைக்கு மனப்பாடம்.

கடுகுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பின்கட்டுக்குப் போய்க் குழாயடியில் குனிந்து நின்றாள். ஒன்றும் வரவில்லை, கசப்புதான் வந்தது. அந்த மனிதரை நினைத்து மட்டும் என்றால் பரவாயில்லை. அவர் சொன்ன பொய்யைப் பத்து நாளாக இழை இழையாகத் தைத்துக்கொண்டிருந்தது தன் கைதானே என்று நினைத்தபோது, கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

கடைக்குத் திரும்பும் வழியில் பழுப்பு நிற உள்துணி வாங்கினாள். பழையதைப் போலவே முரடாக இருக்கிறதா என்று கழுத்தில் தேய்த்துப் பார்த்து வாங்கினாள். தான் ஆசை ஆசையாக வெட்டிய கழுத்தின்மேல் அந்தப் பட்டையை வைத்து, தாடை வரைக்கும் ஏற்றித் தைத்தாள். பார்க்க அசிங்கமாக இருந்தது. அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது.

உடுப்புகளை வாங்க வந்த பொறுப்பாளர் திகைத்துப்போனாள். "அம்மா, சார் இது வேண்டாம்னாரே."

"நான் தைச்சு என் அக்கா போட்டது இதுதான் மேடம். பெட்டியில இருக்கற துண்டை எடுத்து இதுக்குப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. யார் சொல்லித் தைச்சேன்னும் சொல்றேன், கேட்டுக்கங்க."

பொறுப்பாளர் நின்றுகொண்டே முழுவதையும் கேட்டாள். அவள் முகம் சுண்டிப்போயிற்று. கடைசியில் கவுனை மடித்துப் பைக்குள் வைத்தாள். "எது உண்மையோ அதைத்தான் வைக்கணும். நான் வெக்கறேன்," என்றாள்.

சொன்னபடியே வைத்தாள். திறப்புவிழா அன்று கூடம் நிறைந்திருந்தது. வாசகர்கள், பத்திரிகைக்காரர்கள், அறக்கட்டளை ஆட்கள். அத்தான் புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு முன்னால் நின்றார். திரையை இழுத்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் பொம்மை நின்றது. வெளிர்நீலக் கவுன், தாடையை இறுக்கிப் பிடித்த பழுப்புப் பட்டை.

அத்தானின் முகம் ஒரு நொடி செத்துப்போனது. கடுகு அதைப் பார்த்தாள். இனி என்ன சொல்வார் பார்ப்போம் என்று காத்திருந்தாள்.

அவர் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

"இந்தப் பட்டையைப் பாக்கறீங்களே, இது என் கல்யாணக் கோட்டோட துணி. அவதான் கேட்டு வாங்கினா. உங்க கோட்டுத் துணி என் கழுத்தைச் சுத்தி இருக்கணும், எப்பவும் உங்க கை என்மேல இருக்கற மாதிரின்னு சொன்னா. அப்படி ஒரு மனசு அவளுக்கு."

கூட்டம் உருகிப்போனது. முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பத்திரிகைக்காரர்கள் குனிந்து எழுதினார்கள். கடுகுக்கு உடம்பெல்லாம் புழு ஊர்வது போல இருந்தது. பொய்யைப் பிடித்துவிட்டோம் என்று நினைத்தால், அவர் அதிலிருந்து இன்னும் தித்திப்பான பொய் ஒன்றைப் பிழிந்து எடுத்துவிட்டார்.

"அவ கேக்கல," என்றாள் கடுகு.

ஒலிபெருக்கி இல்லாமலே அவள் குரல் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள்.

"இதைத் தைச்சவ நான். அவ தங்கச்சி. யாருக்குக் காட்டப் போறேன்னு கேட்டு, இந்தத் துணியை மேசைமேல விட்டெறிஞ்சது இவர். அவ அழுதா. இது உறுத்தி அவ கழுத்து புண்ணாச்சு. இவர் கை அவ கழுத்துல இருந்த லட்சணம் இதுதான்."

 அத்தான் தலையை ஆட்டிச் சிரித்தார், குழந்தை ஏதோ உளறிவிட்டது போல. "பாவம், அக்கா போன துக்கம் இன்னும் தீரல. சின்ன வயசுலேர்ந்தே எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இவளுக்கு ஒரு பொறாமை. வாங்க, எல்லாரும் டீ சாப்பிடலாம்."

கூட்டம் நிம்மதியாகக் கலைந்தது. தர்மசங்கடத்திலிருந்து தப்பிக்க டீ ஒரு நல்ல வழி. ஒருவரும் கடுகின் பக்கம் வரவில்லை. பொறுப்பாளர் மட்டும் தூரத்திலிருந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அறக்கட்டளைத் தலைவர் அவளை ஓரமாகக் கூட்டிப்போய்விட்டார். அத்தான் கடந்து போகும்போது கடுகின் தோளைத் தட்டினார். "நல்லா தைச்சிருக்கே," என்றார். வெண்ணெய் வாடை அடித்தது.

வெளிக்கதவு வரை வந்துவிட்டாள். பின்னால் ஓடி வரும் சத்தம் கேட்டது. சின்னவள்.

"அக்கா, நீங்க சொன்னதை நான் நம்பறேன். அதைச் சொல்லத்தான் வந்தேன். வேற எதுவும் என்னால முடியாது."

"நீ ஏன் இன்னும் இங்கே இருக்கே?"

 உள்ளேயிருந்து சின்னவளைக் கூப்பிடும் குரல் கேட்டது. "போகணும்க்கா," என்று சொல்லித் திரும்பினாள். எங்கே போக வேண்டும் என்று சொன்னாள் என்பது கடுகுக்குப் பிடிபடவில்லை. உள்ளேதான் போனாள்.

மறுநாள் பத்திரிகையில் அத்தான் சொன்னதுதான் வந்தது, படத்தோடு. கடுகு பேசியதாக ஒரு வரிகூட இல்லை. பொறுப்பாளர் தொலைபேசியில் அழைத்து, நடந்ததை எழுதிக் கவுனுக்குப் பக்கத்தில் வைக்கக் கேட்டதாகவும், அறக்கட்டளை மறுத்துவிட்டதாகவும், தான் வேறு வேலை தேடுவதாகவும் சொன்னாள். "உங்களுக்கு ஏம்மா என்னால கஷ்டம்," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள் கடுகு.

இரண்டு மாதம் போயிற்று. ஒரு மத்தியானம் கடைக்கு ஓர் இளம்பெண் வந்தாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முகமெல்லாம் சிரிப்பு. பைக்குள்ளிருந்து சாம்பல் நிறத் துண்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இது அவரோட கோட்டுத் துணி. எழுத்தாளர் போட்டிருந்தாங்களே, அதே மாதிரி என் கவுனுக்கும் கழுத்துப் பட்டை வெச்சுத் தரணும். நீங்கதான் அதைத் தைச்சீங்கன்னு சொன்னாங்க."

கடுகு அளவு நாடாவைக் கழுத்திலிருந்து கழற்றி வைத்தாள். அந்தப் பெண்ணை உட்காரச் சொல்லி, ஆதியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். எறிந்த துணி, அழுகை, சிவந்த கழுத்து, சால்வை. பெண் மரியாதையாகக் கேட்டாள். நடுவில் இரண்டு முறை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டாள்.

"ஆனா பேப்பர்ல வேற மாதிரி போட்டிருந்தாங்களே ஆன்ட்டி," என்றாள் முடிவில். "அதோட, எங்க அவர்தான் இந்தத் துணியைக் கொடுத்தனுப்பினார். இல்லாம போனா கோச்சுப்பார்."

"அப்ப வேற கடை பாரும்மா. இதை என் கையால தைக்க மாட்டேன்."

பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். தெருவைக் கடந்து நேர் எதிரே இருந்த தையல்கடைக்குள் நுழைவதைக் கடுகு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அந்தக் கடைக்காரன் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு தலையாட்டிக்கொண்டே அந்தப் பெண்ணின் கழுத்தை அளந்தான்.

கடுகு எழுந்து போய்த் தொட்டியில் காறித் துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்தாள்.