விட்டு விட்டு வரவேண்டிய ஒலி

உம்மு குல்சும் மூன்றாம் நாளும் தோளை இழுத்துக்கொண்டாள். "எலும்புக்குள்ள சுடுது மிஸ். பொய்யில்ல."

கிறேஸ் கருவியை நிறுத்தினாள். துறைமுகத்தடியில் இருந்த அந்தச் சிறிய சிகிச்சை நிலையத்துக்கு, மூட்டுவலிக்கு மீயொலி கொடுக்கும் கருவி எழுபத்தெட்டில்தான் வந்தது. ஒலி விட்டு விட்டுப் போகவேண்டும். அந்த இடைவெளியில் சதை ஆறிவிடும். முதல் இரண்டு நாளும் "கொஞ்சம் பொறுங்கோ" என்று அந்தக் கிண்ணியாப் பெண்ணை அடக்கியவள் கிறேஸ்தான். டொக்டரோ அதைத் தன் உள்ளங்கையில் அரை நிமிடம் வைத்துப் பார்த்து, "பயந்த மனுசி" என்றுவிட்டார்.

அன்று பின்னேரமே, கப்பல்களில் ஒலியால் ஆழம் பார்க்கும் கருவிகளைத் திருத்தும் பாக்கியரத்தினத்தை அவள் கூட்டிவந்தாள். அவர் தண்ணீர்க் கோப்பைக்குள் கருவியின் தலையை அமிழ்த்தி, எதிரே தன் ஒலிவாங்கியை வைத்தார்.

"இந்த ஒலி மனுசக் காதுக்குக் கேளாது. அது விட்டு விட்டு வாறதைத்தான் என்ர பெட்டி இரைச்சலாக்கித் தரும். ஒலியின்ர அளவைக் காட்டுற இந்த முள் நிமிர்ந்து நிக்க, இரைச்சல் நிண்டுதெண்டால் ஒலி விடாமல் போகுது எண்டு அர்த்தம்."

கிறேஸ் ஹெட்போனை மாட்டினாள். வண்டு போல ஓர் இரைச்சல். ஒரு நிமிடம். இரண்டு. நிற்காதே, நிற்காதே என்று வேண்டிக்கொண்டாள். நாலாவது நிமிடத்தில் காது வெறுமையாயிற்று. முள் அசையவில்லை.

"வயர் கழண்டிட்டுதோ?"

அவர் இழுத்துப் பார்த்தார். "வயர் சரி. சூடேறினதும் இடைவெளி விடாமல் போகுது. எத்தனை பேருக்கு வைச்சனீங்கள்?"

"பதினொரு பேர்." ஆளுக்கு எட்டு நிமிடம். அவள் கருவியை அணைத்துவிட்டு, நேரே டொக்டரிடம் போய்ச் சொன்னாள்.

"மெஷினைக் கொழும்புக்கு அனுப்புவம். ஆக்களிட்ட ஒண்டும் கதைக்க வேண்டாம்" என்றார் டொக்டர்.

மறுநாள் காலை கிறேஸ் படகில் கிண்ணியாவுக்குப் போனாள். உம்மு குல்சும் குசினி வாசலில் நின்று கிறேஸ் சொன்ன எல்லாவற்றையும் கேட்டாள்.

"அப்ப எனக்கு விசரில்ல?"

"இல்லை அக்கா. பிழை எங்கட."

அவள் அப்படியே உட்கார்ந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மத்த ஆக்களிட்டயும் செல்லுவீங்களா? உங்கட வேலை போயிருமே" என்றாள்.

"ஏலாது அக்கா, சொல்லாமல் இருக்க ஏலாது."

ஏழு வீடு முடிந்தபோதே டொக்டரின் கடிதம் வந்துவிட்டது: இனி வேலைக்கு வரத் தேவையில்லை. கிறேஸ் அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, மிச்ச நாலு வீட்டுக்கும் போனாள்.