வளைந்த மணல் குழாய்

வேலை போன துக்கம் டிராயனுக்கு ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. எஞ்சின் போன துக்கம்தான் ஆறவில்லை. ருமேனிய அரசாங்கம் சரக்கு ரயில்களைத் தனியாருக்கு விற்றது. புதிய கம்பெனி ஆட்களைக் குறைத்தது. பத்தொன்பது வருஷம் டிராயன் மட்டுமே ஓட்டிய டீசல் எஞ்சினைத் தூக்கி மாடி வீட்டு லிவியுவிடம் கொடுத்துவிட்டது.

தினமும் அது கடந்து போகும் நேரத்தில் மனிதர் ஜன்னலில் நிற்பார்.

"நான் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ஒரு தரம் எட்டிப் பாத்தீங்களா?" என்பாள் மனைவி வெதூரியா. "அடுத்தவன் கூடப் போனவளுக்கு இவ்வளவு ஏக்கமா?"

ஒருநாள் லிவியு பிளம் சாராயப் புட்டியோடு இறங்கி வந்தான்.

"அண்ணே, மழை பேஞ்சா கல்குவாரி ஏத்தத்துல சக்கரம் வழுக்குது. நீங்க எப்படித்தான் ஏத்துனீங்க?"

சக்கரம் வழுக்காமல் இருக்கத் தண்டவாளத்தில் மணல் தூவும் குழாய் அந்த எஞ்சினில் வளைந்திருந்தது; மணல் தாமதமாகவே விழும். ஏற்றத்துக்கு முன்பே, கல்லறைத் தோட்டத்தருகில் திறந்துவிட வேண்டும். பழுதுப் புத்தகத்தில் எழுதியிருந்தால் ஷெட்டில் ஒரு மணி நேரத்தில் நிமிர்த்தியிருப்பார்கள். டிராயன் எழுதியதே இல்லை. வேறு எவன் ஏறினாலும் அது முரண்டு பிடிக்கட்டுமே!

"ஏத்தத்துல ஏறினதும் திற தம்பி," என்றார். புட்டியில் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

வியாழக்கிழமை மழையில் முப்பது சிமெண்ட் வேகன்களோடு எஞ்சின் ஏற்றத்தில் நின்றுவிட்டது. கேட் மூடியபடி இரண்டு மணி நேரம். பாதி ஊர் வேடிக்கை பார்த்தது. டிராயன் குடையோடு முதல் ஆளாக வந்திருந்தார்.

"கண்டவனுக்கெல்லாம் மசியுமா அது?" என்று சிகரெட் கடைக்காரியிடம் சொன்னார். அன்று அவர் முகத்தில் கல்யாணக் களை.

சனிக்கிழமை களை இறங்கியது. இழுவை சக்தி போய்விட்டது என்று கம்பெனி அந்த எஞ்சினைப் பழைய இரும்புக்குத் தள்ளிவிட்டது. டிராயன் ஆபீசுக்கு ஓடினார்.

"எஞ்சின் நல்லாத்தான் இருக்கும்மா! குழாய்தான் வளைஞ்சிருக்கு!"

அதிகாரிப் பெண் புத்தகத்தைப் புரட்டினாள். "பத்தொம்பது வருஷத்துல ஒரு வரிகூட இல்லையே, சார்? ஏன் எழுதல?"

தொப்பியைக் கசக்கினார் டிராயன். "எழுதினா... எல்லாரும் ஓட்டிடுவாங்களே."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "கையெழுத்தாயிடுச்சு, சார். நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போறாங்க."

அடுத்த வாரம் லிவியுவுக்குச் சிவப்பு நிறத்தில் புத்தம் புது எஞ்சின் வந்தது. உள்ளே ஏசி வேறு.

"என்னமா மின்னுது பாருங்க!" என்றாள் வெதூரியா ஜன்னலில்.

டிராயன் வெகுநேரம் பார்த்தார்.

"அதுலயும் ஏதோ பழுது இருக்குடி," என்றார். "அந்தப் பய நம்மகிட்ட சொல்லமாட்டான்."