சத்தமில்லாத எழவு

பேண்ட்காரர் குச்சியை ஓங்கிவிட்டார். அது மேளத்தின் தோலில் இறங்குவதற்குள், ஃப்ரீசர் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த வசந்தாமணி எழுந்து ஓடி அதை எட்டிப் பிடித்துக்கொண்டாள். புருஷன் செத்துக் கிடக்கிற வீட்டில் பொண்டாட்டிக்காரி பேண்ட்காரரோடு மல்லுக்கட்டுவதை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. பந்தலில் இருந்தவர்கள் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்தார்கள்.

"அடிக்காதீங்க சாமி, புண்ணியமாப் போகும். கோழி மிரண்டுரும்."

"ஏனுங்க, எளவு ஊட்டுல அடிக்கறதுக்குத்தானுங்க எங்களக் கூப்பிட்டிருக்குது?"

"கூப்பிட்டவங்க தெரியாமக் கூப்பிட்டுட்டாங்க. நீங்க உக்காந்து காப்பி குடியுங்க."

தொழில் வாழ்க்கையில் இப்படியொரு வேலை கிடைத்ததே இல்லை என்ற முகத்தோடு பேண்ட்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவரோடு வந்தவர்களும் மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள்.

செத்துப்போனவர் மயில்சாமி, நாமக்கல் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்தவர். வீட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வேப்பமரம்தான். நேற்றுச் சாயங்காலம் தீவனம் போட்டுவிட்டு வந்து, வாசற்படியில் உட்கார்ந்து காப்பி கேட்டார். வசந்தாமணி காப்பியோடு வெளியே வந்தபோது ஆள் சாய்ந்துவிட்டிருந்தார். அவ்வளவுதான்.

கோழிகள் இப்போதுதான் முழுசாக முட்டை விடத் தொடங்கியிருந்தன. இந்தச் சமயத்தில் ஒரு வெடி வெடித்தால் போதும்; கூண்டுக்குள் முட்டி மோதிப் பாதி செத்துப்போகும், மீதி ஓடே இல்லாத தோல்முட்டையாகப் போட்டுத் தள்ளும். மகன் தனபால் திருப்பூரில் பார்த்த பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இந்தப் பண்ணையை நம்பித்தான் ஊருக்கு வந்திருந்தான். அவனோ அப்பனைப் பறிகொடுத்த அதிர்ச்சியில் தூணில் சாய்ந்து கிடந்தான். ஆக, இன்றைக்கு ஒரு நாள் கோழி மிரளாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு வசந்தாமணி தலையில் விழுந்துவிட்டது.

"ஏம்புள்ள, உனக்குப் புத்திகித்தி பெசகிப் போச்சா?" என்று வந்து நின்றாள் அமுதவல்லி. மயில்சாமியின் அக்கா, வசந்தாமணிக்கு நங்கை முறை. வாழப்பாடியிலிருந்து வந்து இறங்கிய கையோடு, மாரில் அடித்துக்கொள்ளத் தூக்கிய கையைப் பாதியில் நிறுத்தி வைத்திருந்தாள். "என்ற தம்பிய அனாதப் பொணமாட்டக் கம்முனு கொண்டுபோகச் சொல்றியா? ஊரு என்ன பேசும்?"

"முட்டை போயிருமுங்க, நங்கை."

"அவனே போயிட்டான். இவளுக்கு முட்டை போயிருமாமா!"

இது பந்தல் முழுக்கப் பரவியது. புருஷன் போன துக்கம்கூட இல்லாமல் முட்டைக்கு அழுகிறாள் என்று ஆளாளுக்குக் காதைக் கடித்தார்கள். காதைக் கடிப்பதில் ஒரு நல்லது, சத்தம் வராது. வசந்தாமணி அதை அப்படியே விட்டுவிட்டாள்.

'முட்டை போயிரும்' என்று அவள் வாயிலிருந்து வந்தது மயில்சாமியின் பேச்சு. தீபாவளிக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் வெடி வெடித்தால்கூட ஓடிப்போய் அதையேதான் சொல்வார். ஒருமுறை அவள் கேட்டுவிட்டாள்: "கோழி பயப்படுது, பாவம்னு சொல்லீட்டுப் போறதுக்கென்ன? எதுக்கெடுத்தாலும் முட்டை, முட்டைன்னுட்டு?" அதற்கு அவர் சிரித்தார். "பாவம்னு சொன்னா எவன் கேக்கறான், புள்ள? முட்டை போயிரும்னு சொல்லிப் பாரு, அத்தன பேரும் கம்முனு ஆயிருவானுக."

கோழிகளைப் பயப்படுத்தக் கூடாது என்பதற்காகவே மனிதர் ஆயுசு முழுக்க ஒரே நீலநிறத்தில் சட்டை எடுத்தார். தனபால் கல்யாணத்தன்று வசந்தாமணி எடுத்துக் கொடுத்த பட்டுச் சட்டையோடு தீவனம் போட உள்ளே போய்விட்டார். யாரோ புது ஆள் என்று கோழிகள் போட்ட கூச்சலில், எட்டத்தில் இருந்த கல்யாணப் பந்தலில் நாதஸ்வரக்காரரே வாசிப்பதை நிறுத்திவிட்டார். அப்புறம் வந்த தோல்முட்டைக்கெல்லாம் அவள் எடுத்த சட்டைதான் காரணம் என்று வருஷக்கணக்கில் சண்டை.

சண்டையெல்லாம் ஷெட்டுக்குள்தான். மருமகள் காதில் விழக்கூடாதே. வசந்தாமணி தொண்டை கிழியக் கத்துவாள். கோழிகள் குஞ்சிலிருந்து கேட்ட சத்தம் என்பதால் கண்டுகொள்வதில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மயில்சாமி கடைசியில், "செரி, உடு," என்பார். அத்தோடு முடிந்துவிடும்.

மத்தியானம் தீவனக் கம்பெனி ஏஜென்ட் பாலசுந்தரம் வண்டியில் வந்து இறங்கினார். மாலை, ஃப்ளெக்ஸ், அட்டைப்பெட்டி நிறையச் சரவெடி. ஃப்ளெக்ஸில் 'எங்கள் குடும்பத்தில் ஒருவரை இழந்தோம்' என்று எழுதி, ஓரமாக மயில்சாமியின் படம், நடுவில் கம்பெனியின் வெள்ளைக்கோழி. கோழி கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. அஞ்சலி யாருக்கு என்று தெரியாத வழிப்போக்கர் கோழிக்காகத்தான் கும்பிட்டுவிட்டுப் போவார்.

பாலசுந்தரம் ஃப்ரீசர் பெட்டிமேல் விழுந்து அழுதார். பொய் என்று சொல்லிவிட முடியாது. பத்துக் கம்பெனிக்காரன் வந்து கேட்டும் மயில்சாமி அவரை விட்டு மாறாதவர். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெடியக் கொளுத்துங்கடா," என்றார்.

வசந்தாமணி அவர் முன்னால் போய் நின்றாள். "வேண்டாமுங்க தம்பி. கோழி மிரளும்."

"அக்கா, நம்ம கம்பெனி மரியாதைங்க்கா. அண்ணனுக்கு இதுகூடச் செய்யாட்டி எப்படிங்க?"

"மிரண்டுதுன்னா தீவனம் எடுக்காது," என்றாள் வசந்தாமணி. "எடுக்கலீன்னா உங்க மூட்டை இங்க எதுக்குங்க?"

பாலசுந்தரம் ஓடிப்போய், தீக்குச்சி உரசப் போனவன் கையில் ஓங்கி ஒரு போடு போட்டார். "அறிவிருக்குதாடா உனக்கு? பச்சப்புள்ளையாட்டம் கோழி இருக்கற எடம்!"

அதற்கப்புறம் வசந்தாமணிக்கு வேலையே இல்லை. பாலசுந்தரம் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு பந்தலைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஹாரன் அடித்த வேனை ரோட்டிலேயே மறித்தார். ஒப்பாரி வைக்க வந்த சொந்தக்காரப் பெண்கள் காலடியில் உட்கார்ந்து, "மெதுவாங்க, மெதுவாங்க," என்று கெஞ்சினார். அவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கினார்கள். டிவியில் சத்தத்தை நிறுத்திவிட்டுச் சீரியல் பார்க்கிற மாதிரி இருந்தது. அமுதவல்லி மட்டும் அடக்க முடியாமல், "அய்யோ, என்ற சாமீ," என்று ஆரம்பித்தாள். பாலசுந்தரம் தண்ணீர் டம்ளரை நீட்டினார். அவள் வாங்கிக் குடித்துத் தொலைத்தாள்.

பாடை கிளம்பும்போதும் மேளம் இல்லை, வெடி இல்லை. பேண்ட்காரர்கள் மேளத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சும்மா முன்னால் நடந்தார்கள். வேப்பமரத்தைத் தாண்டும்போது தனபால் தேம்பிய சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. வசந்தாமணி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். கத்த வேண்டும்போல் இருந்தது. சட்டம் போட்டவளே அதை மீற முடியுமா?

ஆம்பளைகள் சுடுகாட்டுக்குப் போனார்கள். பாலசுந்தரம் மட்டும் கேட்டில் காவலுக்கு நின்றுகொண்டார். வீடு கழுவி, குளித்து, வசந்தாமணிக்கு அவளுடைய அண்ணன் கொண்டுவந்த கோடியைக் கட்டிவிட்டார்கள். மொடமொடவென்று வெள்ளைச் சேலை. அவளை மூலையில் உட்காரவைத்துவிட்டு அமுதவல்லி பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

பொழுது சாய்ந்தது. ஷெட்டிலிருந்து கேர், கேர் என்று சத்தம் கேட்கத் தொடங்கியது. தீவன நேரம். பண்ணையாட்கள் எல்லாம் சுடுகாட்டில் இருந்தார்கள். வசந்தாமணி எழுந்தாள்.

"எங்க போற? இன்னிக்கு வெளிய போகக் கூடாது."

"போட்டுட்டு வாரேனுங்க, நங்கை."

வேப்பமரம் வரைக்கும் போனவள் நின்று, தன் சேலையைக் குனிந்து பார்த்தாள். இத்தனை வெள்ளையை அந்தக் கோழிகள் பார்த்ததே இல்லை. நாளெல்லாம் கட்டிக்காத்ததை அவளே கெடுத்துவிடுவாள் போலிருந்தது.

ஷெட்டுக் கதவோரம் ஆணியில் மயில்சாமியின் நீலச் சட்டை தொங்கியது, நேற்றுக் கழற்றி மாட்டியது. எடுத்துச் சேலைக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள். சட்டை முழங்கால் வரை வந்தது. காலரில் தீவன வாசமும் அவர் வாசமும் கலந்து அடித்தது. முந்தானையை உள்ளே சுருட்டிச் செருகிவிட்டு தீவன வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

ஒரு கோழிகூட மிரளவில்லை. தொட்டியில் தீவனம் விழ விழக் கழுத்தை நீட்டிக் கொத்தத் தொடங்கின. அதைப் பார்த்ததும் அவளுக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ.

"ஏனுங்க, உங்களுக்கு அப்படி என்ன அவசரம்?" என்று கத்தினாள். "காப்பி கேட்டவரு குடிச்சுட்டுப் போறதுக்கென்ன? சக்கரை பத்தலீன்னு சண்டை போடவாச்சும் இருந்திருக்கலாமல்ல? இத்தனைய என்ற தலைல போட்டுட்டு நீங்க பாட்டுக்குப் போயிட்டா, நான் யாரைப் புடிச்சு வையறது?"

கேட்டிலிருந்து பாலசுந்தரம் உதட்டில் விரலோடு ஓடிவந்தார். பின்னாலேயே அமுதவல்லி. இருவரும் கதவோரம் அப்படியே நின்றுவிட்டார்கள். வசந்தாமணி ஷெட்டே அதிர அழுதுகொண்டிருந்தாள். கோழிகள் தலையைத் தூக்காமல் கொத்திக்கொண்டிருந்தன. பாலசுந்தரம் விரலை இறக்கினார்.

தொண்டை வறண்டு வசந்தாமணி நிறுத்தினாள். அவள் நிறுத்தியதும் கொத்துகிற சத்தமும் நின்றது. ஒன்று, இரண்டு, பிறகு வரிசை முழுக்கத் தலையைத் தூக்கி, கழுத்தைச் சாய்த்து அவளைப் பார்த்தன.

அவள் மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டாள்.

"செரி, உடு," என்றாள் கோழிகளிடம்.

அவை மறுபடியும் குனிந்தன. அவள் வண்டியை அடுத்த வரிசைக்குத் தள்ளினாள்.