ரோமுக்குப் போன பீலித் தண்ணீர்

பலாபத்வலைக்கு மேலேயுள்ள தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மண்ணால் செய்த ரோமர்களின் நீர்ப்பாலம் ஒரு செவ்வாய்க்கிழமை வளரத் தொடங்கியது. அன்று அது முழங்கால் உயரம். வெள்ளிக்கிழமை கமுகு உயரம்.

அந்தத் தவணை எல்லாப் பாடங்களையும் ஒரே தலைப்பில் நடத்திப் பார்க்கும்படி மேலிடத்திலிருந்து கடிதமும் ஒரு புத்தகப் பெட்டியும் வந்திருந்தன. பெட்டிக்குள் ரோமர்கள் இருந்தார்கள். ஆகவே நிஷாந்தினி டீச்சர் கணிதத்தில் ரோம இலக்கங்களையும், தமிழில் அவர்களுடைய அரசர்களையும், சுற்றாடலில் மலைத் தண்ணீரை நகரத்துக்குக் கொண்டுபோன நீர்ப்பாலத்தையும் நடத்தினாள். சித்திரப் பாடத்துக்கு அதையே மண்ணில் செய்யச் சொன்னாள். முற்றத்து மண் ஒட்டவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மலை ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் பீலிக்கு அருகே ஒரு பாம்புப் புற்று இருந்தது. பதினொரு பிள்ளைகளும் அதிலிருந்து மண் கொண்டுவந்தார்கள். டீச்சர் மாதா கோயிலுக்குப் போகிறவள். புற்றைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"மஞ்சள் வச்சுக் கேட்டுட்டுத்தான் எடுத்தோம் டீச்சர்," என்றாள் ஹம்சிகா. டீச்சர் சிரித்தாள். வளைவுகளுக்கு அளவு போட்டதும் சரிவைப் பார்த்ததும் ஹம்சிகாதான். புலமைப்பரிசில் பரீட்சைக்கு டீச்சர் நம்பியிருந்த ஒரே பிள்ளை. அவளுடைய கொப்பியில், குறை எதுவும் இல்லை என்று எழுதி நட்சத்திரம் போட்டாள்.

இரண்டாம் வாரம் பாலத்தின் ஒரு முனை பீலியைத் தொட்டது. மறுமுனை தேயிலை மலையைத் தாண்டி மேற்கே போயிற்று. சிலாபத்தில் அது கரையோடு நிற்காமல் கடலுக்கு மேலேயும் போவதாகத் தம்புள்ளைக்கு மீன் ஏற்றும் லொறிக்காரர்கள் சொன்னார்கள். பீலியில் தண்ணீர் நின்றது. ஹம்சிகாவின் தாய் கிருஷ்ணம்மா வெறுங்குடத்தோடு வகுப்பு வாசலுக்கு வந்தாள்.

"எங்க தண்ணி எங்க டீச்சர் போவுது?"

"ரோமுக்கு," என்றாள் ஹம்சிகா முந்திக்கொண்டு. "நடுவுல ஒரு சொட்டுகூட சிந்தக் கூடாதுன்னு டீச்சர்தான் சொன்னாங்க."

"அங்க உள்ளவங்க இன்னும் குளிச்சு முடியலையாக்கும்."

இடித்துவிடலாம் என்றாள் டீச்சர்.

"பாம்புப் புத்து மண்ண யாரு டீச்சர் இடிப்பா? நீங்க இடிப்பீங்களா?"

டீச்சர் மண்வெட்டியோடு போனாள். தூணடியில் மஞ்சளும் பூவும் இருந்தன. திரும்பி வந்தாள். தோட்டத்துத் துரை அது பாடசாலையின் பொருள் என்றார். கல்விப் பணிமனை அது தண்ணீர் விஷயம் என்றது. பிரதேச சபையில் கட்டட அனுமதி இலக்கம் கேட்டார்கள். டீச்சர் ரோம் வீழ்ந்த பாடத்தை மூன்று வாரம் முன்னதாகவே நடத்தினாள். இரண்டு பிள்ளைகள் அழுதார்கள். பாலத்தில் ஒரு பொடி மண் உதிரவில்லை.

பெரியவர்கள் கொழுந்து பறிக்கப் போக, பிள்ளைகள் ஆற்றுக்கு இறங்கித் தண்ணீர் சுமந்தார்கள். கரும்பலகையின் மூலையில் அன்றைய வரவை ரோம இலக்கத்தில் எழுதுவது அந்த வகுப்பின் வழக்கம். XI, VIII ஆனது. பிறகு IV. ஹம்சிகா ஈரச் சட்டையோடு இரண்டாம் பாடத்துக்கு வந்துகொண்டிருந்தாள்.

பரீட்சையன்று கிருஷ்ணம்மாவுக்குக் காய்ச்சல். தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஹம்சிகா பலாபத்வலைக்கு ஓடிவந்தபோது, மண்டபத்தில் விடைத்தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"சரிவக் கொஞ்சம் கூடுதலாப் போட்டுட்டேனா டீச்சர்?"

"இல்ல. சரியாத்தான் போட்டிருந்த."

திங்கட்கிழமை ஒருவரும் வரவில்லை. டீச்சர் சோக்கை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள். ஒன்றுமில்லை என்பதற்கு ரோமர்களிடம் இலக்கம் கிடையாது. அவளே நடத்திய பாடம். மூலையை வெறுமையாக விட்டுவிட்டு உட்கார்ந்தாள். கூரைக்கு மேலே தண்ணீர் ஒரு சொட்டும் சிந்தாமல் ரோமுக்குப் போய்க்கொண்டிருந்தது.