புரொப்பல்லர் கழன்ற நாள்

மாரித்தா தீவைவிட்டுப் போக இன்னும் நான்கு நாட்கள் இருந்தன. அன்று காலை அவள் கணவன் ஹோல்கர் படகுக் கொட்டகையைத் திறக்கப் போனான். பூட்டு துருவேறிக் கிடந்தது. சாவியை எப்படித் திருப்பியும் அசையவில்லை. கடைசியில் கதவின் கீல்களைக் கழற்றித்தான் உள்ளே நுழைய வேண்டியிருந்தது. மரச்சட்டத்தின் மேல் எட்டு வருடத் தூசியோடு அவர்கள் படகு நின்றது.

பிப்ரவரி மாதத்தில், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே மாரித்தா அந்தச் செய்தியைச் சொன்னாள். மே மாதம் ஓபூ நகரத்துக்குப் போகிறாளாம், அக்கா வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு குடியிருப்பு கிடைத்திருக்கிறதாம். எத்தனை நாளைக்கு என்று கேட்டான் ஹோல்கர். திரும்பி வரப்போவதில்லை என்றாள். அவன் விறகு எடுத்துவரப் போய்விட்டான். வீடு அவனுக்கே இருக்கட்டும் என்று அவள் பிறகு சொன்னாள். வீடு இருக்கட்டும், ஆனால் அந்தப் படகோடு ஒரே வளவில் தனியாக இருக்க அவனால் முடியாது. ஸ்டாக்ஹோமிலிருந்து ஒருவர் படகை வாங்குவதாகச் சொன்னார். எஞ்சினிலிருந்து புரொப்பல்லருக்குப் போகும் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்திலுள்ள பேரிங்கை மட்டும் மாற்றித் தரவேண்டும் என்றார். அதை மாற்ற வேண்டுமென்றால் முதலில் புரொப்பல்லரைக் கழற்ற வேண்டும்.

எட்டு வருடத்துக்கு முன், ஒரு நவம்பர் காலையில், அவர்கள் மகன் எமில் இந்தப் படகில்தான் வலை எடுக்கப் போனான். இருபத்திரண்டு வயது. வலையின் மிதவைக் கயிறு புரொப்பல்லரில் சுற்றிக்கொண்டது, எஞ்சின் நின்றுவிட்டது. கத்தியோடு பின்புறமாகக் குனிந்து கயிற்றை அறுக்கப் பார்த்தபோது தண்ணீரில் விழுந்திருக்கிறான். படகு தன் சொந்த வலையிலேயே கட்டுண்டு நின்றதை மத்தியானம் ஹோல்கர்தான் கண்டுபிடித்தான். பையன் மூன்றாம் நாள் கிடைத்தான்.

ஹோல்கர் வெளியே தெரிந்த கயிற்றை அறுத்துவிட்டுப் படகை இழுத்துவந்து கொட்டகையில் ஏற்றினான். கடலோரக் காவலர்கள் கேட்டபோது, எங்கிருந்தோ மிதந்து வந்த கயிறு என்றான். அறுத்ததை அன்றே அடுப்பில் போட்டு எரித்தான். ஆனால் புரொப்பல்லருக்கும் பேரிங்குக்கும் நடுவில் உருகி இறுகிப்போன பகுதி அங்கேயே இருந்தது.

புரொப்பல்லரை இழுத்துக் கழற்றும் பெரிய புல்லர் அண்டை வீட்டு பெர்ட்டெலிடம்தான் இருந்தது. மூன்று கொக்கிகளும் நடுவில் தடித்த திருகும் கொண்ட அந்தக் கருவியைக் கைக்குழந்தையைக் கொடுப்பதுபோல் கொடுத்தான்.

"என் பொண்டாட்டியவிட இதத்தான் பத்திரமா வெச்சிருக்கேன். ஒடச்சேன்னா, எங்க ரெண்டு பேருக்கும் நீதான் வந்து சமைச்சுப் போடணும்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "நானும் வர்றேனே, ஹோல்கர். தனியா செய்யிற வேலையா அது?"

வேண்டாம் என்று ஹோல்கர் சொல்லிவிட்டான். அந்தப் புரொப்பல்லருக்குப் பின்னால் இருப்பதை யாரும் பார்க்கக் கூடாது.

நட்டைத் தளர்த்துவதற்கே ஒரு மணி நேரம் ஆனது. தளர்ந்ததும் அதை முழுதாக எடுக்காமல், இரண்டு சுற்று மட்டும் மாட்டி விட்டுவைத்தான்; புரொப்பல்லர் திடீரென்று பாய்ந்து வந்தால் காலில் விழாது. புல்லரின் கொக்கிகளை வெண்கல இறக்கைகளுக்கு முன்பக்கமாக மாட்டித் திருகினான். ஸ்பேனர் முனகியது. புரொப்பல்லர் மட்டும் ஷாஃப்டோடு சேர்த்து வார்த்ததுபோல் அப்படியே இருந்தது. சூடு காட்ட வேண்டும். ஒரு கையில் தீயும் மறு கையில் ஸ்பேனருமாக அவன் திண்டாடிக்கொண்டிருந்தபோது, வாசலில் மாரித்தா நின்றாள். பழைய வேலையுடுப்பைப் போட்டிருந்தாள். அதை அவள் ஓபூவுக்குப் போகும் பெட்டியில் வைக்கவில்லை என்பதை அவன் கவனித்தான்.

"கேஸ் டார்ச்ச எங்கிட்ட குடு" என்றாள்.

கொடுக்காமல் இருக்க, வெளியே சொல்லக்கூடிய ஒரு காரணமும் அவனுக்குத் தோன்றவில்லை.

முப்பத்து நான்கு வருட மணவாழ்வில் படகு வேலையை இந்த இருவரும் சேர்ந்துதான் பார்த்தார்கள். தீயை எங்கே பிடிப்பது என்று அவளுக்குச் சொல்லவேண்டியதில்லை. இறக்கைகள் சேரும் குடத்தைச் சுற்றி, ஒரே இடத்தில் நிற்காமல், நிதானமாகச் சுழற்றினாள். ஷாஃப்டில் சூடு படாமல் பார்த்துக்கொண்டாள். அவன் ஒரு கால் சுற்று முறுக்குவான், சுத்தியலால் திருகின் தலையில் ஒரு தட்டு தட்டுவான், காத்திருப்பார்கள். மறுபடியும் தீ, மறுபடியும் முறுக்கு. அவன் கையை நீட்டுமுன் அவள் சுத்தியலை எடுத்துக் கொடுத்தாள். அந்த இரண்டு மணி நேரத்தில், பிப்ரவரியில் அவள் சொன்னதைத் தான் தவறாகப் புரிந்துகொண்டோமோ என்றுகூட ஹோல்கருக்கு ஒரு நப்பாசை எழுந்தது.

"கொஞ்சம் அப்படியே விடு. அது பாட்டுக்கு யோசிக்கட்டும்" என்றாள்.

புல்லரை இறுக்கிய நிலையிலேயே விட்டுவிட்டு, கவிழ்த்த மீன்பெட்டிகளில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். கறுப்பு ரொட்டியில் புகைபோட்ட மீனை வைத்து அவள் நீட்டினாள். ஓபூ வீட்டில் சமையலறை ஜன்னல் சின்னது என்றாள். மூன்றாம் மாடியா என்று கேட்டான். ஆமாம், லிஃப்ட் இருக்கிறது என்றாள்.

அப்போதுதான் அது கழன்றது. துப்பாக்கி சுட்டதுபோல் ஒரு சத்தம். கூரையிலிருந்த புறாக்கள் படபடவென்று பறந்தன. மாரித்தாவின் காப்பி மடியில் கொட்டியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை எட்டு வருடமாக அவன் கேட்கவில்லை.

சிரித்துக்கொண்டேதான் எழுந்து போனான். புல்லரை எடுத்து, நட்டைக் கழற்றி, புரொப்பல்லரைப் பின்னால் இழுத்தான். ஷாஃப்டைச் சுற்றி நீலமாக ஒரு வளையம் தெரிந்தது. உருகிக் கண்ணாடிபோல் பளபளத்த பிளாஸ்டிக் கயிறு. ஓரத்தில் மட்டும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிரிகள் உருகாமல் நின்றன.

ஹோல்கர் அதை மறைத்து நின்றுகொண்டான்.

"வீட்டுக்குள்ள போய் மண்ணெண்ணெய் எடுத்துட்டு வா. ஷாஃப்டத் துடைக்கணும்."

அவள் அசையவில்லை. மண்ணெண்ணெய் டின் அவன் காலடியிலேயே இருந்தது.

"நகரு, ஹோல்கர்."

அவன் நகரவில்லை. கையிலிருந்த புரொப்பல்லர் கனத்தது. அதைத் தரையில் வைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"இது நம்ம கயிறு" என்றான். குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. "எங்கிருந்தோ வந்ததில்ல. நம்ம கயிறுதான். மெதக்குற கயிறு வேணாம்பா, புரொப்பல்லர்ல சுத்திக்கும், முழுகுற கயிறு வாங்கி மாத்திடலாம்னு எமில் அக்டோபர்லயே சொன்னான். நான்தான் இந்த வருஷம் ஓடட்டும்னுட்டேன். புதுசு ஒண்ணும் பெரிய வெலகூட இல்ல, மாரித்தா. சோம்பேறித்தனம். வேற ஒண்ணுமில்ல."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அறைவாள் என்று எதிர்பார்த்தான். அதற்குத்தான் எட்டு வருடமாகப் பயந்து, மாலையானால் தோட்டத்திலும் விறகுக் கொட்டகையிலும் பொழுதைக் கழித்து, சாப்பாட்டு மேசையில் தட்டை மட்டும் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

மாரித்தா மீன்பெட்டியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அந்தக் கயித்துல மெதவை கட்டினதே நான்தான. நீ அத அடுப்புல போட்டப்ப மாடிப்படியில நின்னு பாத்துட்டுதான் இருந்தேன். நீல நீலமா எரிஞ்சுது. வீடு பூரா நாத்தம்." கொஞ்சம் நிறுத்தினாள். "அவன் எங்கிட்டயும் சொன்னான், மாத்தணும்னு. அப்பாகிட்ட சொல்லுடான்னு அனுப்பிவிட்டேன். நானே கடையில வாங்கியிருக்கலாம்."

ஹோல்கர் புரொப்பல்லரைக் கீழே வைத்தான்.

"அன்னிக்கே ஏன் கேக்கல?"

"நீ சொல்வேன்னு இருந்தேன். அடுத்த நாள் சொல்வே, அடக்கம் முடிஞ்சதும் சொல்வே, கிறிஸ்துமஸுக்குச் சொல்வேன்னு இருந்தேன். சொன்னதும் நானும் என் பங்கச் சொல்லிடலாம்னு இருந்தேன். கயித்துக்காக எனக்குக் கோவமில்ல. ஒருநாள்கூட கோவமில்ல. ஆனா ஒரே வீட்டுல நீ ஒரு பக்கம் நான் ஒரு பக்கம்னு தனித்தனியா அவனப் பொதச்சுக்கிட்டே இருந்தோமே. அதத்தான் தாங்க முடியல."

அவன் அவள் காலருகே மண்தரையில் உட்கார்ந்து அழுதான். வாய் திறந்து, சத்தம் போட்டு, வெட்கமில்லாமல் அழுதான். அவள் அவன் தலையில் கை வைத்தாள். அவளும் அழுதாள். எமில் செத்தபின் அவர்கள் ஒருவர் முன் ஒருவர் அழுதது அதுதான் முதல் தடவை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்கள் என்று அவனுக்குப் பிறகு நினைவில்லை.

"இருந்துடேன், மாரித்தா" என்றான் கடைசியில். "இப்பதான் சொல்லிட்டேனே."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னாள். குரலில் துளியும் கடுமை இல்லை. அதுதான் அவனை உடைத்தது.

"இதுக்குத்தான் எட்டு வருஷம் காத்திருந்தேன். இப்ப வந்திருக்கு. ஆனா உள்ள தேடிப் பாத்தா, இங்க இருக்கணும்ங்கற மனசு எங்கிட்ட இல்ல, ஹோல்கர். எப்பப் போச்சுன்னு எனக்கே தெரியல."

பிறகு எழுந்து, உளியை எடுத்து வந்து, ஷாஃப்டிலிருந்த நீல வளையத்தைச் செதுக்கத் தொடங்கினாள். அவன் விளக்கைப் பிடித்தான். எல்லாம் எடுத்தபின் ஷாஃப்டைத் துடைத்தார்கள். அவள் கை கழுவிக்கொண்டு பெட்டி கட்டப் போனாள்.

வியாழக்கிழமை ஹோல்கரே அவளைப் படகுத்துறைக்குக் காரில் கொண்டுபோய் விட்டான். இரண்டு பெட்டிகளையும் கப்பலில் ஏற்றினான். அவள் அவன் கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள். கப்பல் புறப்பட்டுப் போனபின்னும் கார்கள் இல்லாத துறையில் அவன் நின்றான். திரும்பி வரும்வழியில் பெர்ட்டெலிடம் புல்லரைக் கொடுத்தபோது, ஏதோ வேடிக்கை சொல்ல வாயெடுத்த பெர்ட்டெல் அவன் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். ஜூனில் ஸ்டாக்ஹோம்காரர் வந்து, பேரிங் மாற்றி முடித்த படகைக் கொண்டுபோனார்.

ஆகஸ்டில் எமிலின் பிறந்தநாளன்று மத்தியானம் போன் அடித்தது; மாரித்தாதான். ஒரு மணி நேரத்துக்கும் மேல் பேசினார்கள். ஆறு வயதில் அவன் பச்சைப் பட்டாணித் தோட்டத்தில் தூங்கிப்போனதை அவள் சொன்னாள். முதன்முதலாகத் தனியே வலை எடுத்து வந்த நாள் அவன் எப்படி நடந்து வந்தான் என்பதை இவன் சொன்னான். அவளுக்கு அது தெரியாது; அன்று அவள் வேலைக்குப் போயிருந்தாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னான்.

"ஒருநாள் வந்துட்டுப் போறியா?" என்று கேட்டான்.

"இல்ல, ஹோல்கர்" என்றாள் மெதுவாக. "ஆனா போன் பண்றேன்."

சரி என்றான். போனை வைத்துவிட்டு, ஆறிப்போன சூப்பை அடுப்பருகே நின்றபடியே குடித்து முடித்தான்.