ரோஸ்வில்லாவின் மூன்றாவது மாடி

ரோஸ்வில்லா டிபார்ட்மென்ட் ஸ்டோரின் பழைய படம் ஒன்றை யாரோ முகநூலில் போட்டிருந்ததை முருகதாஸ் காலைச் சாப்பாட்டுக்கு நடுவில் பார்த்தார். புட்டும் பயறும் தட்டில் ஆறிக்கொண்டிருக்க, இடது கைவிரல்களால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கிறிஸ்துமஸ் சமயத்துப் படம். நான்கு மாடிக்கும் மேலிருந்து கீழாகச் சீரியல் பல்புகள் தொங்கின. வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு நட்சத்திரம். மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வருவதற்கு வெகுகாலம் முன்னால் எடுத்தது என்பதால் கடையின் நெற்றி முழுவதும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. இப்போது அந்தக் கட்டடத்தின் கீழே செல்போன் கடைகள்; மேலே ஜெர்மன் மொழி சொல்லிக்கொடுக்கும் இடம். பகல் முழுவதும் பாலத்தின் நிழல் அதன்மேல் விழுந்து கிடக்கும்.

அவர் அங்கே பதினோரு வருடம் வேலை பார்த்தவர். மூன்றாவது மாடி சேலைப் பிரிவுக்கு சூப்பர்வைசர். படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதலாம் என்று ஆரம்பித்தது நீண்டுகொண்டே போய், மதியம் ஒரு தனிப் பதிவாகவே ஆகிவிட்டது. லிஃப்டில் ஏறுவதற்கென்றே கருங்கல்லிலிருந்தும் இனயத்திலிருந்தும் பஸ் ஏறி வந்த குடும்பங்களைப் பற்றி எழுதினார். வெள்ளைச் சட்டையும் நீலக் கால்சட்டையும் போட்ட லிஃப்ட்காரர் டைட்டஸ், ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து "சேலை, பட்டு, கல்யாண ஜவுளி" என்று பாட்டுப்போலச் சொல்வதை எழுதினார். கதவைத் தள்ளியதும் முகத்தில் வந்து மோதும் ஏசி குளிரையும் அதில் கலந்திருக்கும் வெளிநாட்டு சோப்பின் மணத்தையும் எழுதினார். ரோஜாப்பூ அச்சடித்த பிளாஸ்டிக் கவரைப் பெண்கள் வருடக்கணக்கில் மடித்து வைத்திருந்து, கல்யாண வீட்டுக்கு மாற்றுச் சேலை எடுத்துப்போகப் பயன்படுத்தியதைக்கூட விடவில்லை. கடைசியில் இப்படி முடித்தார்: "அது கடை இல்லை, ஒரு குடும்பம். வேலை செய்த ஒரு பெண் மயங்கி விழுந்தபோது நானே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இன்றைக்கு எந்த மாலில் இது நடக்கும்?"

அந்த வரியை எழுதும்போது அவர் விரல் எங்கேயும் தயங்கவில்லை. அது பிறகுதான் அவருக்கு உறைத்தது.

சாயங்காலத்துக்குள் எழுநூறு பேர் விருப்பம் போட்டிருந்தார்கள். துபாயிலிருந்தும் தம்மாமிலிருந்தும் ஆட்கள் எழுதினார்கள். எனக்க முதல் பேண்ட் அங்கதான் எடுத்தது. எங்க அம்மைக்கக் கல்யாணப் பட்டு அங்க உள்ளதாக்கும். இன்னும் எழுதுங்க சார். முருகதாஸ் ஒவ்வொன்றையும் மனைவி சபிதாவிடம் வாசித்துக் காட்டினார். ஏழு மணிக்கு ஆன்ஸ்லின் என்ற பெண்ணின் பதில் வந்தது. அதை மட்டும் அவர் வாசித்துக் காட்டவில்லை.

"சார், மயங்கி விழுந்தது என் அம்மா தேவகனி. உங்களைப் பற்றி அம்மா அடிக்கடி சொல்வார்கள். அந்தக் கடையிலேயே மனிதனாக நடந்துகொண்டவர் நீங்கள் ஒருவர்தான் என்பார்கள். நான் இப்போது அதே கட்டடத்தில் மூன்றாவது மாடியில் ஜெர்மன் படிக்கிறேன். அம்மா உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். ஒருநாள் வீட்டுக்கு வர முடியுமா?"

"யாருக்க மெசேஜு? முகம் ஒரு மாதிரி ஆயிட்டே" என்றாள் சபிதா.

"ஒண்ணுமில்ல. பழைய ஸ்டாஃப்" என்றார்.

ரோஸ்வில்லாவில் விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது. காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி எட்டரை வரைக்கும் நிற்க வேண்டும். அலமாரியில் சாய்ந்தாலும் தப்புத்தான். கஸ்டமர் உள்ளே வரும்போது வேலைக்காரி உட்கார்ந்திருந்தால் கடைக்கு மரியாதை இல்லை என்பார் முதலாளி. கடை முழுவதுக்கும் உட்கார இருந்தது இரண்டே இடம். ஒன்று கல்லாப்பெட்டி நாற்காலி. இன்னொன்று லிஃப்டுக்குள் டைட்டஸ் உட்காரும் மர ஸ்டூல். தொண்ணூற்றேழு டிசம்பரில் தேவகனிக்கு ஏழாம் மாதம். புருஷன் மஸ்கட்டில் இருந்தான். டைட்டஸ் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். அவளுக்கு அங்கே வேலை வாங்கிக்கொடுத்ததும் அவர்தான். ஒருநாள் அவர் யாருக்கும் தெரியாமல் தன் ஸ்டூலைக் கொண்டுவந்து பட்டுச் சேலை அலமாரிக்குப் பின்னால் போட்டுவிட்டு, நாள் முழுவதும் லிஃப்டில் நின்றபடியே மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தார். ஆள் இல்லாத நேரத்தில் தேவகனி அலமாரிக்குப் பின்னால் போய் ஐந்து நிமிடம் உட்கார்ந்து வருவாள். முருகதாஸ் இரண்டாம் நாளே பார்த்துவிட்டார். பார்க்காத மாதிரி இருந்தார்.

மூன்றாம் நாள் முதலாளி அவரை அறைக்குக் கூப்பிட்டார். மூன்றாவது மாடியில் ஒழுங்கே இல்லை, நீ அங்கே என்னதான் பார்க்கிறாய் என்று கத்தினார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரண்டு பெண்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதில் சொல்ல முருகதாஸுக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. நான் எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் சார் என்று காட்ட வேண்டியிருந்தது. ஸ்டூலைப் பற்றிச் சொன்னார். முதலாளியின் குரல் இறங்கியது. "அத இன்னைக்கே எடுத்து மாத்து" என்றார், அவ்வளவுதான்.

அதோடு நின்றிருந்தால்கூட முருகதாஸ் தன்னை எப்படியாவது சமாதானம் செய்துகொண்டிருப்பார். ஆனால் தேவகனியின் முகத்தைப் பார்த்து அதை எடுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. லிஃப்டில் டைட்டஸ் தனியாக இருந்த நேரம் பார்த்து உள்ளே ஏறினார். "முதலாளிக்கு இன்னும் தெரியாது டைட்டஸ். தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் வேலை போயிரும். நீயே எடுத்துட்டேன்னா ஒரு குழப்பமும் இல்ல. நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லண்டாம்" என்றார். டைட்டஸ் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அன்று சாயங்காலமே ஸ்டூல் லிஃப்டுக்குத் திரும்பிவிட்டது. அதன்பின் ஒன்பதாம் நாள், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் தேவகனி சேலைகளின்மேல் விழுந்தாள். முருகதாஸ்தான் ஆட்டோ பிடித்தார். வழி முழுவதும் அவள் அவருடைய சட்டைக் கையை இறுகப் பிடித்திருந்தாள். குழந்தை தங்கவில்லை.

நான்கு நாள் முருகதாஸ் ஆன்ஸ்லினுக்குப் பதில் எழுதவில்லை. பதிவை அழித்துவிடலாம் என்று இரண்டு தடவை போனை எடுத்தார். அதற்குள் யாரோ அதைப் பகிர்ந்து, வேறு யாரோ பின்னணியில் இசை சேர்த்து வீடியோவாகவே ஆக்கிவிட்டிருந்தார்கள். "அது கடை இல்லை, ஒரு குடும்பம்" என்று ஒரு பெண் குரல் உருக்கமாக வாசித்தது. ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, வருவதாக ஆன்ஸ்லினுக்கு எழுதி வழி கேட்டுக்கொண்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கருங்கல்லுக்குப் போனார்.

தேவகனி வாசலுக்கே வந்து நின்றாள். முடி பாதி நரைத்திருந்தது. காலில் தடித்த நரம்புகளை மறைக்க முழங்கால் வரை இறுக்கமான எலாஸ்டிக் காலுறை போட்டிருந்தாள். "வாங்க சார், வாங்க. அப்படியே இருக்கியளே" என்று சிரித்தாள். ஆன்ஸ்லின் நாற்காலியை ஃபேனுக்கு நேராக இழுத்துப் போட்டாள். தேவகனியின் கணவர் சந்தைக்குப் போயிருந்தார். மேஜையில் அச்சு முறுக்கும் ஏத்தங்காய் உப்பேரியும் வைத்திருந்தார்கள். அவருக்காகவே வாங்கியது என்று பார்த்ததும் தெரிந்தது. தேவகனி மகளிடம், "இவருதாம் பிள்ளே. அண்ணைக்கு இவரு இல்லேன்னா நானும் போயிருப்பேன். டாக்டரே சொன்னாரு" என்றாள்.

ஆன்ஸ்லின் காப்பி போட அடுக்களைக்குள் போனாள். முருகதாஸ் பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், "டைட்டஸ் எப்படி இருக்காரு?" என்று கேட்டுவிட்டார்.

அவள் சிரிப்பு நின்றது. "எனக்குத் தெரியாது சார். ரெண்டு கிலோமீட்டருதாம் வீடு. இருபத்தெட்டு வருசமா நான் அவன்கூட ஒரு வார்த்த மிண்டுகது இல்ல."

"எதுக்கு?"

"உங்களுக்குத் தெரியாதா? அந்த ஸ்டூல அவன்தாம் எடுத்துட்டுப் போனான். கேட்டதுக்கு, எனக்குக் கால் வலிக்கு, நிக்க முடியல்லன்னு சொன்னான். ஏழு மாசக்காரி நான் நிக்கேன், அவனுக்குக் கால் வலிக்காம்." அவள் குரல் உயரவில்லை. பலமுறை தனக்குள் சொல்லிப் பழகிய குரலாக இருந்தது. "அம்மைக்க அடக்கத்துக்குக் கல்லறைத் தோட்டத்துல அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நிண்ணோம். அவனுக்க மவளுக்கக் கல்யாணத்துக்கு நான் போவல்ல. அவன் ஒரு நாளும் வந்து, நான் செஞ்சது தப்புண்ணு ஒரு வார்த்த சொன்னது இல்ல பாத்துக்கிடுங்க."

இப்போது எழுந்து போய்விட்டால்கூட ஒன்றும் ஆகாது. அவள் கடைசிவரை அவரை நல்லவர் என்றே நினைத்துக்கொண்டிருப்பாள். இருபத்தெட்டு வருடமும் அவர் அப்படித்தான் எழுந்து போய்க்கொண்டிருந்தார். அடுக்களையில் பால் பொங்கும் சத்தம் கேட்டது.

"தேவகனி, அத எடுக்கச் சொன்னது நான்தான்" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. அவர் எல்லாவற்றையும் சொன்னார். முதலாளியின் அறை, கண்ணாடிக் கதவு, லிஃப்டில் டைட்டஸிடம் சொன்ன பொய், டைட்டஸ் கையைப் பிடித்து நன்றி சொன்னது. "உனக்க வேலைய காப்பாத்துகதா நெனச்சுத்தான் அவரு எடுத்தாரு. நீ பயந்துபோவக் கூடாதுன்னு தான் கால் வலின்னு சொல்லியிருப்பாரு." சொல்லும்போது தன் குரல் ஒரு கடை ஊழியரின் குரல்போல, சரக்கைப் பற்றி விவரம் சொல்வதுபோல ஒலிப்பதைக் கேட்டார். அவரால் அதை மாற்ற முடியவில்லை.

காப்பியோடு வந்த ஆன்ஸ்லின் அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள். தேவகனி வெகுநேரம் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய சட்டையின் கைப்பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதலாளிகிட்ட எதுக்கு சார் போய்ச் சொன்னிய?"

அவர் ஒரு காரணத்தைத் தேடினார். பயம் என்று சொல்லலாம். குடும்பக் கஷ்டம் என்று சொல்லலாம். "அண்ணைக்கு அவருகிட்ட சொல்லுகதுக்கு எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"எனக்குப் போன பிள்ள, ஆண்பிள்ள சார் அது" என்றாள் தேவகனி. பிறகு மகளின் பக்கம் திரும்பி, "அந்தக் காப்பிய உள்ள கொண்டு வையி" என்றாள். எழுந்து உள்ளே போனாள். அறைக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஆன்ஸ்லின் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முருகதாஸ் எழுந்து முற்றத்தில் இறங்கி ஸ்கூட்டரின் பக்கத்தில் நின்றார். மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது.

சாவியைப் போடும்போது தேவகனி வெளியே வந்தாள். சேலை மாற்றியிருந்தாள். முகம் கழுவிய ஈரம் அப்படியே இருந்தது. "அவனுக்க வீட்டுக்கு நான் வழி சொல்லுகேன். வண்டிய எடுங்க" என்றாள்.

வேகத்தடைகளில்கூட அவர் தோளைத் தொடாமல் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடதுபக்கம், வலதுபக்கம் என்று மட்டும் சொன்னாள். அவள் ஒருநாளும் போகாத அந்த வீட்டுக்கு ஒவ்வொரு திருப்பமும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஒரு இரும்புக் கேட்டின் முன்னால் நிறுத்தச் சொன்னாள்.

"நானும் வந்து சொல்லணும்" என்றார் முருகதாஸ்.

"சொல்லணும்தாம். இப்ப வரண்டாம். இங்கன நில்லுங்க."

டைட்டஸ் முற்றத்தில் இருந்தார். முதுகு கூனியிருந்தது. மழைக்கு முன்னால் கொடியில் காயப்போட்ட ரப்பர் ஷீட்டுகளை அவசரமாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். கேட் திறக்கும் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தார். தோளிலிருந்த ஷீட் ஒன்று நழுவித் தரையில் விழுந்தது. அவர் அதைக் குனிந்து எடுக்கவில்லை. தேவகனி நடந்து, கொடியின் மறு கோடிக்குப் போய், முதல் ஷீட்டை உருவினாள்.

பிறகு டைட்டஸும் தன் பக்கத்திலிருந்து எடுக்க ஆரம்பித்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் கொடியின் இரண்டு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். முதல் துளிகள் ரப்பர் இலைகளில் பட்டுச் சத்தம் எழுப்பின. கேட்டுக்கு வெளியே முருகதாஸ் நனைந்துகொண்டு நின்றார். அவர்களுக்கு நடுவே இன்னும் நான்கைந்து ஷீட்டுகள் தொங்கி, காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.